கலாத்தியா இலை ஓரமெல்லாம் கருகுகிறது, வேலூர் வெயிலில் இதை வளர்க்கவே முடியாதா?

மாடிவீட்டு மல்லி (சத்துவாச்சாரி, வேலூர்):

வணக்கம். பிப்ரவரியில் பெங்களூரு போயிருந்தபோது ஒரு நர்சரியில் கலாத்தியா ஆர்பிஃபோலியா ஒன்று வாங்கி வந்தேன், 380 ரூபாய். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இலை, வெளிர்ப் பச்சையில் வெள்ளி பூசியது போலக் கோடுகள். பஸ்ஸில் வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன், பையனைக்கூட நீ இப்படித் தூக்கி வந்ததில்லை என்று வீட்டுக்காரர் இன்னும் கிண்டல் செய்கிறார். மார்ச் கடைசி வரை ஒரு குறையும் இல்லை. ராத்திரியானால் இலைகள் கொஞ்சம் மேலே நிமிர்ந்து நிற்கும், காலையில் தானாகத் தழையும். "செடி சாமி கும்பிடுது" என்று பையன் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவான்.

ஏப்ரல் பிறந்தது, எல்லாம் போயிற்று. முதலில் ஒரு இலையின் நுனி பழுப்பானது. அப்புறம் ஓரம் முழுக்க. இப்போது 7 இலையில் 5 இலை சுட்ட அப்பளத்தின் ஓரம் மாதிரி இருக்கிறது, விரல் பட்டால் நொறுங்குகிறது. 2 இலை உள்பக்கமாகச் சுருண்டுகொண்டது.

நான் செய்வது எல்லாம் இதுதான். வீடியோக்களில் எல்லாரும் ஈரப்பதம் ஈரப்பதம் என்று சொல்வதால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஒரு நாளைக்கு 4 முறை இலை நனைய அடிக்கிறேன். தொட்டியிலும் தினமும் ஒரு டம்ளர் ஊற்றுகிறேன். மாடி வீடு, ஹால் மேற்குப் பார்த்தது, ஜன்னலிலிருந்து 3 அடி தள்ளி வைத்திருக்கிறேன், நேர் வெயில் படாது. ராத்திரி மட்டும் பெட்ரூமில் ஏ.சி. போடுவோம், அப்போது செடியையும் உள்ளே எடுத்துவைத்துவிடுவேன், பாவம் அதற்கும் வெக்கையாக இருக்குமே என்று. தண்ணீர் போர் தண்ணீர்தான். இலைமேல் திட்டுத் திட்டாக வெள்ளையாக வேறு ஏதோ இருக்கிறது, துடைத்தாலும் முழுசாகப் போகவில்லை, பூஞ்சையா என்று தெரியவில்லை.

காற்றில் ஈரத்தைக் கூட்டுகிற மிஷின், ஹ்யுமிடிஃபையர், ஆன்லைனில் 2,500 ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா? "380 ரூபாய் செடிக்கு 2,500 ரூபாய்க்கு மிஷினா, துளசி வைத்தால் போதாதா" என்று அம்மா ஒரு வாரமாக அர்ச்சனை. யாராவது நம் ஊர்ப்பக்கம் வளர்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், கேரளாக்காரர்கள் சொல்வது இங்கே செல்லாது.

*

வெயிலூர்வாசி:

வேலூரில் கத்திரி வெயிலுக்கு மனுஷனே ஓரம் கருகிப்போய்த்தான் திரிகிறான், செடி எம்மாத்திரம். மணி பிளான்ட் வையுங்கள், கழுதை மாதிரி வளரும், சாகடிக்க நினைத்தாலும் சாகாது. 2,500 ரூபாய்க்கு ஆம்பூரில் குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

*

பாலாறு72 (காட்பாடி):

தங்கச்சி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் விஷயமே. "இலைமேல் திட்டுத் திட்டாக வெள்ளை." அது பூஞ்சை இல்லை, உப்பு. போர் தண்ணீரை இலையில் அடிக்கிறீர்கள், தண்ணீர் காய்ந்துபோகிறது, அதில் கரைந்திருந்தது இலைமேலேயே நின்றுவிடுகிறது. வெந்நீர் வைக்கிற குண்டானின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டுமே, அதே சரக்குதான். ஒரு நாளைக்கு 4 முறை செடிக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வேரிலும் இதே கதை. வேர் உறிஞ்சும் தண்ணீர் காம்பு வழியாக ஏறி இலையின் ஓரம் வரை போய் அங்கே ஆவியாகிறது. கூட வந்த உப்பு போக வழியில்லாமல் அந்த ஓரத்திலேயே சேர்கிறது. அதனால்தான் நடு இலை பச்சையாக இருக்க ஓரம் மட்டும் கருகுகிறது. காற்று வறண்டிருந்தால் ஆவியாவது வேகமாகும், உப்பும் வேகமாகச் சேரும். ஆக ஈரப்பதம் காரணமே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது இரண்டாவது குற்றவாளி. முதல் குற்றவாளி உங்கள் பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது.

நானும் 3 செடி கொன்றபிறகுதான் இதைக் கற்றேன். தண்ணீர் கேன் போடும் பையன் ஒருவன், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிற டி.டி.எஸ். மீட்டரைச் சட்டைப் பையில் பேனா மாதிரி சொருகிக்கொண்டு வருவான், ஒருநாள் அதைப் பிடுங்கி வீட்டில் இருக்கிற தண்ணீரை எல்லாம் அளந்தேன். போர் 1,380. குழாயில் வருகிற காவிரித் தண்ணீர் 290. ஆர்.ஓ. 55. ஏ.சி. குழாயில் சொட்டுவது 20. மொட்டை மாடியில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர் 15-ஐத் தாண்டவில்லை. குடிநீருக்கே 500-க்குள் இருந்தால் நல்லது என்பதுதான் இந்தியத் தர நிர்ணயம். கலாத்தியா தென் அமெரிக்கக் காட்டில் பெரிய மரங்களின் அடியில் மழைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த சாதி. அதற்குப் போய் 1,380.

நம் ஊரைப் பற்றி ஒரு பழைய வசனம் உண்டே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆற்றுக்கு 2021 நவம்பரில் வெள்ளம் வந்து ஒரு கலக்கு கலக்கிவிட்டுப் போனது, மறுபடி மணல்தான். ஆறு ஓடினால்தான் நிலத்தடி நீர் புதிதாகும். இல்லையென்றால் ஆழத்திலிருந்து உப்பைத்தான் இறைப்போம். சரி, செடிக்கு வருகிறேன்.

இன்றைக்கே ஸ்ப்ரேயை நிறுத்துங்கள். நல்ல தண்ணீரிலேயே அடித்தாலும் அதனால் பெரிய பயன் கிடையாது, கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும், காற்று பழையபடி ஆகிவிடும். வெள்ளைத் திட்டை ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியால் இலையின் அடியில் ஒரு கை கொடுத்து மெதுவாகத் துடையுங்கள். அப்புறம் தொட்டியைக் குளியலறைக்குத் தூக்கிப்போய் ஆர்.ஓ. தண்ணீரோ காவிரித் தண்ணீரோ, தொட்டி கொள்ளளவைப் போல 3 மடங்கு, அவசரப்படாமல் ஊற்றி அடியில் வடியவிடுங்கள். மண்ணில் சேர்ந்த உப்பு கரைந்து போகும். இனிமேல் ஊற்றுவதெல்லாம் அந்தத் தண்ணீர்தான், அதுவும் தினமும் அல்ல. விரலை ஒரு கணு அளவு மண்ணில் விட்டுப் பாருங்கள், மேலே காய்ந்திருந்தால் ஊற்றுங்கள்.

கேட்காததற்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தால் சரியாகிவிடும் என்பார்கள், ஆகாது. கொஞ்சம் சுண்ணாம்பு படியும், மற்ற உப்பு அப்படியே இருக்கும், தண்ணீர் குறைவதால் இன்னும் கெட்டியாகும். ஒரு ராத்திரி வாளியில் வைத்திருந்து ஊற்றினால் குளோரின் வாசனை போகும், அவ்வளவுதான், உப்பு எங்கேயும் பறந்துபோகாது. ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியே போகிற கழிவுத் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் செடிக்கு ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள், அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அபார்ட்மென்ட்களில் மாட்டுகிற சாஃப்ட்னர் தண்ணீரும் வேண்டாம், சுண்ணாம்பை எடுத்துவிட்டுப் பதிலுக்குச் சோடியத்தைக் கொடுப்பதுதான் அதன் வேலை.

மேற்கு ஹால் வேண்டவே வேண்டாம். நேர் வெயில் படாவிட்டாலும் சாயங்காலம் 4 மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், இட்லிப் பானை. கிழக்கு, வடக்கு ஜன்னல் எது இருக்கிறதோ அங்கே, ஒரு பழைய வேட்டியை இரண்டாக மடித்துத் திரையாகக் கட்டிவிட்டு, முடிந்தால் தரையிலேயே வையுங்கள். மேலே இருப்பதைவிடத் தரையில் குளுமை. ஏ.சி. அறைக்கும் ஹாலுக்கும் தினமும் அலையவிடாதீர்கள், ஏ.சி. காற்று குளிர்ச்சிதான், ஆனால் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சித்தான் அந்தக் குழாயில் சொட்டவிடுகிறது.

மண் மாற்றும் வேலை இப்போது வேண்டாம், ஆடியில் பார்த்துக்கொள்ளலாம். ஹ்யுமிடிஃபையர் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

*

மாடிவீட்டு மல்லி:

அண்ணா, படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நானே விஷம் வைத்திருக்கிறேனா!

300 ரூபாய்க்கு அந்த மீட்டரும், 250 ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டுகிற குட்டிப் பெட்டி ஒன்றும் வாங்கிவிட்டேன் (அம்மாவிடம் இரண்டும் சேர்த்து 200 என்று சொல்லியிருக்கிறேன்). எங்கள் போர் 1,720. ஹாலில் மதியம் 2 மணிக்கு 29 சதவீதம். சமையலறையில் குக்கர் வைத்திருக்கும்போது 48. குளித்தவுடன் குளியலறையில் 70-க்கு மேல். ஏ.சி. போட்ட பெட்ரூமில் காலையில் 38. ஸ்ப்ரே அடித்துவிட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், 29 சட்டென்று 55-க்கு ஏறியது, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 31. நீங்கள் சொன்னது சரிதான்.

ஆனால் குளியலறையில் தண்ணீர் ஊற்றலாம் என்று எடுத்தபோது வேறு ஒன்று கண்டுபிடித்தேன். செடி இருந்தது பிளாஸ்டிக் தொட்டியில், அதை அழகுக்காக ஒரு பீங்கான் ஜாடிக்குள் இறக்கி வைத்திருந்தேன். ஜாடிக்கு அடியில் ஓட்டை கிடையாது. தூக்கியபோது உள்ளே 2 அங்குலத்துக்குத் தண்ணீர் நின்றது, நாள்பட்ட கழுநீர் வாசனை. பிளாஸ்டிக் தொட்டியைக் கவிழ்த்துச் செடியை எடுத்தேன். மேல் மண் காய்ந்து ஓரத்தில் வெள்ளைப் பொருக்கு, அடிமண் சேறு. கீழ் வேர்கள் பழுப்பாக இருந்தன, இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்தது, உள்ளே நூல் மாதிரி ஒன்று மிச்சம். மேல்பக்க வேர்கள் வெள்ளையாக நன்றாகவே இருந்தன. அவற்றின் நடுவே கடலை அளவுக்குச் சின்னச் சின்ன முண்டு முண்டாக இருக்கிறது, ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன், உள்ளே கண்ணாடி மாதிரி தண்ணீராக இருந்தது. இது ஏதாவது வேர்ப்புழு நோயா? செடியை இப்போது ஈரத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

*

பாலாறு72:

முண்டு நோயில்லை, கிழங்கு. தண்ணீரும் சத்தும் சேர்த்து வைத்துக்கொள்ளும் இடம், அதைக் கிள்ளாதீர்கள்.

வேர் அழுகியிருந்தால் ஆடி வரை காத்திருக்க முடியாது, என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். பழுப்பு வேரை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள், வெள்ளை வேரில் கை வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் வேருக்கு ஏற்ற சின்னத் தொட்டி, அடியில் 4 ஓட்டையாவது வேண்டும். மண் கலவை: கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 2 பங்கு, இலைமக்கு 1 பங்கு, பெர்லைட் (பொரி மாதிரி லேசான வெள்ளைக் கல்) 1 பங்கு. பெர்லைட் கிடைக்கவில்லையென்றால் அடுப்புக்கரியைக் கடலை அளவுக்குத் தட்டிப் போடுங்கள். ஆரணிப் பக்கம் யாராவது சொந்தக்காரர்கள் இருந்தால் அரிசி ஆலையில் கருக்கிய உமி ஒரு பை வாங்கிவரச் சொல்லுங்கள், கருப்பாக இருப்பது மட்டும், வெள்ளைச் சாம்பலாகிவிட்டது வேண்டாம். கோகோபீட்டை அப்படியே போடாதீர்கள், சில கட்டிகளில் உப்பு தூக்கலாக இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, மறுபடி நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த தண்ணீரை உங்கள் புது மீட்டரில் பாருங்கள். நர்சரிக்காரர்கள் கட்டித்தரும் செம்மண் உருண்டை இந்தச் செடிக்கு ஆகாது, மூச்சு முட்டும்.

உரம் இப்போது எதுவும் வேண்டாம். புது இலை வரட்டும்.

*

குடியாத்தம்காரி:

மல்லி, அந்தக் கிழங்கைப் பார்த்து நீ பயந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். கூவைக்கிழங்கு தெரியுமா? வயிற்றுப்போக்கு வந்தால் ஆரோரூட் மாவில் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்களே, அந்தச் செடியும் உன் கலாத்தியாவும் ஒரே குடும்பம். எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் கூவைக்கிழங்கு ஒரு பாத்தி இருந்தது, யாரும் அதற்குத் தனியாகத் தண்ணீர் பாய்ச்சியதில்லை, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், வாழை நிழலில் அதுபாட்டுக்கு இருந்தது. உன் செடிக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அந்தக் கிணற்றடிதான் வேண்டும் என்பேன். மேலே நிழல், சுற்றிலும் ஈரம், காலடியில் தண்ணீர் தேங்காத மண். அதை வீட்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் நம் பாடு.

எங்கள் வீட்டில் கலாத்தியாவும் அதன் பங்காளிச் செடியான மராந்தாவுமாக 11 இருக்கிறது, ஏ.சி. கிடையாது. ஏர் கூலர்தான். ஏ.சி.யும் கூலரும் ஒன்றென்று நினைத்துக்கொள்ளாதே, ஏ.சி. ஈரத்தை எடுக்கும், கூலர் ஈரத்தைக் கொடுக்கும். மதியம் 12 முதல் 5 வரை ஓடும், அறையில் ஈரப்பதம் 55, 60 வரை நிற்கும், எங்களுக்கும் காற்று. கூலருக்குப் போர் தண்ணீரே ஊற்றலாம், ஏனென்றால் அதிலிருந்து வருவது வெறும் ஆவி, உப்பெல்லாம் அந்தப் புல் திரையிலேயே தங்கிவிடும். மாதம் ஒருமுறை திரையை உதறிக் கழுவு, இல்லையென்றால் கருவாடு வாசனை வரும். ஒன்றே ஒன்று, கூலருக்கு எதிரில் செடியை வைக்காதே, காற்று நேராக அடித்தால் இலை கிழிந்துவிடும். பக்கவாட்டில், 6 அடி தள்ளி. ஜன்னல் ஒன்று கொஞ்சம் திறந்திருக்கட்டும், மூடி வைத்தால் வீடே புழுங்கிச் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

கூலர் இல்லையென்றால் மண்சட்டி. அகலமான பழைய சட்டி ஒன்றில் மணல் பரப்பி, நனைத்து, அதன் நடுவே ஓர் ஓட்டாஞ்சில்லை வைத்து அதன்மேல் செடித் தொட்டியை வை. தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள். சட்டி வியர்க்கும், மணல் ஆவி விடும். தனியாக ஒரு செடிக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 5, 6 செடியை நெருக்கமாக வைத்து நடுவில் 2 சட்டி வைத்தால் வித்தியாசம் தெரியும். செடி விடுகிற மூச்சிலேயே ஈரம் இருக்கிறது, கூட்டமாக இருந்தால் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும். கூட்டுக்குடும்பம் மாதிரி, சண்டையும் வரும், ஒன்றுக்குப் பூச்சி வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

போன வருஷம் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள், வைகாசி 1-ஆம் தேதி, வெயில் கொளுத்துகிற நேரம். 3 நாள் செடிப் பக்கமே போகவில்லை. போதாததற்கு ஒரு சித்தப்பா, செடி வாடியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு மொட்டை மாடியில் வெயிலில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். ஒரு மதியம்தான். மயில் இறகு மாதிரி இருக்கிற கலாத்தியா ஒன்று, மக்கோயானா என்பார்கள், இலை மொத்தமும் காகிதமாகிவிட்டது. நான் அழவில்லை, வெட்டிவிட்டேன். இலையை எல்லாம் மண் மட்டத்துக்கு வெட்டி, சமையலறை மூலையில் நிழலில் வைத்து, மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொண்டேன். ஆவணியில் 4 குருத்து வந்தது. கீழே கிழங்கு உயிரோடு இருந்தால் அது வரும். அதனால் நீ சீக்கிரத்தில் கைகழுவிவிடாதே.

*

பச்சைப்பித்து (காட்பாடிப் பக்கம் ஒரு ஹாஸ்டல்):

ஹ்யுமிடிஃபையர் வாங்கியவன் அனுபவம். அந்த விலையில் வருவதெல்லாம் தண்ணீரை அதிரவைத்துப் புகை மாதிரி துளியாக்கி வெளியே விடுகிற வகை. குடியாத்தம் அக்கா சொன்ன கூலர் கணக்கு இதற்குத் தலைகீழ், இது உப்போடு சேர்த்தே துளியை வீசும். ஹாஸ்டல் தண்ணீரை ஊற்றி ஒரு ராத்திரி ஓடவிட்டேன், காலையில் லேப்டாப், புத்தகம், ரூம்மேட் கண்ணாடி எல்லாவற்றிலும் பவுடர் பூசியது மாதிரி வெள்ளை. ரூம்மேட் 2 நாள் பேசவில்லை. ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஹால் மாதிரி பெரிய இடத்தில், ஜன்னல் திறந்திருக்க, மின்விசிறி ஓட, அது கடலில் கரைத்த பெருங்காயம். சின்ன அறை என்றால் மட்டும் யோசிக்கலாம்.

என் வழி வேறு. மீன் செத்துப்போன 2 அடிக் கண்ணாடித் தொட்டி ஒன்று 200 ரூபாய்க்கு வாங்கி, அடியில் கரித்துண்டு, மேலே கோகோபீட், உள்ளே ஃபிட்டோனியா 3, குட்டி கலாத்தியா 1, மேலே முக்கால் பாகம் கண்ணாடி மூடி. மே மாதத்திலும் உள்ளே ஈரப்பதம் 80-க்குக் குறையவில்லை, வாரம் ஒரு அரை டம்ளர் தண்ணீர் போதும். நேர் வெயில் பட்டால் மட்டும் உள்ளே வெந்துவிடும், ஒருமுறை வெந்தது. ஆர்பிஃபோலியா அளவுக்கு இலை விடுகிற செடிக்கு இது சரிப்படாது என்பது உண்மைதான்.

ஏ.சி. தண்ணீர் விஷயத்தில் பாலாறு அண்ணனோடு கொஞ்சம் மாறுபடுகிறேன். மீட்டரில் 20 காட்டுவது சரி, ஆனால் மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும், தூசியையும் அழுக்கையும் காட்டாது. சர்வீஸ் செய்யும்போது ஏ.சி.க்குள் குளிர்விக்கிற காயிலைக் கழுவ அடிக்கிற ரசாயனமும் அதே குழாயில்தான் வரும். சர்வீஸ் முடிந்து ஒரு வாரம் அந்தத் தண்ணீரைச் செடிக்கு எடுக்காதீர்கள், ஃபில்டரை ஒழுங்காகக் கழுவுங்கள். மற்றபடி ஊற்றலாம், நானும் ஊற்றுகிறேன். அதோடு ஆர்.ஓ., ஏ.சி. தண்ணீரிலேயே காலம் தள்ளினால் சுண்ணாம்புச் சத்து சுத்தமாக இருக்காது, காவிரித் தண்ணீர் வருகிற அன்று அதையும் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, இந்த வறட்சியில் இலை சுருண்டால் அடியில் திருப்பிப் பாருங்கள் அக்கா. காம்பும் இலையும் சேருகிற இடத்தில் நூலாம்படை மாதிரி மெல்லிய இழை இருந்தால் செம்பேன், இலைச்சாற்றை உறிஞ்சுகிற குட்டிச் சிலந்தி வகை. சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள், விழுந்த புள்ளிகள் நடந்தால் அதுதான். வறண்ட காற்றென்றால் அதற்குக் கொண்டாட்டம். முதலில் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கழுவினாலே பாதி போய்விடும். வேப்பெண்ணெய் என்றால் 1 லிட்டருக்கு 5 மில்லி, 2 சொட்டு சோப்பு எண்ணெய், சாயங்காலத்துக்கு மேல்தான், அதுவும் ஒரே ஒரு இலையில் அடித்து 2 நாள் பார்த்துவிட்டு. கலாத்தியா இலை மெல்லிசு, எனக்கு ஒன்று எண்ணெயிலேயே கருகியது.

இப்போது இதன் பெயர் கலாத்தியா இல்லை என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். 2012-இல் தாவரவியல்காரர்கள் இதில் பெரும்பாலானவற்றைக் கோப்பெர்ஷியா என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். நர்சரியில் போய் அப்படிக் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

*

வெயிலூர்வாசி:

ஒரு செடிக்கு மீட்டர், கூலர், மீன் தொட்டி, அரிசி ஆலை. நான் மணி பிளான்ட்டோடு நிம்மதியாக இருக்கிறேன். ஆனால் அந்த இலை ராத்திரி எழுந்து நிற்கும் என்கிறீர்களே, அது நிஜமா, எப்படி?

*

பாலாறு72:

நிஜம். இலையும் காம்பும் சேருகிற இடத்தில் முட்டி மாதிரி ஒரு தடிப்பு இருக்கும், தடவிப் பார்த்தால் தெரியும். அதன் ஒரு பக்கத்து உயிரணுக்களில் தண்ணீர் ஏறும், மறுபக்கத்தில் வற்றும், அதனால் இலை எழும்பும், தாழும். வெளிச்சத்தைப் பொறுத்து நடக்கிறது. ராத்திரி முழுக்க விளக்கு எரிகிற இடத்தில் வைத்தால் அந்த ஒழுங்கு கெட்டுவிடும். மராந்தாவில் இன்னும் நன்றாகத் தெரியும், கை கூப்பியது மாதிரி எல்லா இலையும் நெட்டாக நின்றுவிடும்.

*

மாடிவீட்டு மல்லி:

எல்லாருக்கும் நன்றி, ஒன்றரை மாதம் கழித்து எழுதுகிறேன். நடுவில் எழுத நல்ல சேதி எதுவும் இல்லை, அதனால்தான்.

வேரை வெட்டி 5 அங்குலத் தொட்டியில் வைத்த முதல் 10 நாளில் இன்னும் 3 இலை போயிற்று. 4 இலையோடு நின்றது. பீங்கான் ஜாடி இப்போது கரண்டி வைக்கப் பயன்படுகிறது. செடி பூஜை அறைக்கு வெளியே கிழக்கு ஜன்னலுக்குக் கீழே தரையில், அப்பாவின் பழைய வேட்டித் திரைக்குப் பின்னால். ஹ்யுமிடிஃபையர் வாங்கவில்லை, அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு கூலரே வாங்கிவிட்டோம், அம்மா மதியம் அதற்கு எதிரில் படுத்துக்கொண்டு செடிக்குத்தான் போட்டேன் என்கிறார். மதியம் ஈரப்பதம் 52 வரை நிற்கிறது. செம்பேன் இல்லை, தாளில் தட்டிப் பார்த்தேன்.

ஜூன் 2-ஆவது வாரம் சாயங்காலம் இடி மழை வந்ததே, அன்றைக்கு வீட்டில் இருக்கிற அண்டா, குடம், பையனின் குளிக்கிற டப் எல்லாம் மாடிக்குப் போயிற்று, 60 லிட்டர் பிடித்தோம். மீட்டரில் 12. அதற்கு 9 நாள் கழித்து நடுவில் ஒரு குருத்து எழுந்தது, பீடி மாதிரி இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு. தினமும் காலையில் பல் துலக்கியதும் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். ஒரு வாரம் அப்படியே நின்றுவிட்டு நேற்று ராத்திரிக்கும் இன்று காலைக்கும் நடுவில் பாதி அவிழ்ந்திருக்கிறது. உள்பக்கம் ஈரப் பட்டு மாதிரி பளபளப்பு. ஓரத்தில் கருகல் இல்லை, நுனியில் மட்டும் ஊசி முனை அளவு பழுப்பு. மீதிப் பாதியைக் கையால் மெதுவாகப் பிரித்துவிடலாமா? பழைய இலைகளின் கருகின ஓரத்தை வெட்டினால் செடிக்கு ஏதாவது ஆகுமா?

*

பாலாறு72:

பிரிக்காதீர்கள், கிழியும். ஓரத்தை இலையின் வளைவுப்படியே வெட்டலாம், ஆனால் பச்சையைத் தொடாமல் ஒரு மயிரிழை பழுப்பை விட்டு வெட்டுங்கள், பச்சையில் வெட்டினால் வெட்டிய இடத்தில் மறுபடி பழுப்புக் கோடு விழும். நுனியில் ஊசி முனை எல்லாம் வேலூரில் கணக்கே இல்லை. 3-ஆவது புது இலை வந்ததும் உரம் ஆரம்பியுங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு, மாதம் ஒருமுறை.

*

வெயிலூர்வாசி:

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நேற்று ஒரு மராந்தா வாங்கிவிட்டேன். ராத்திரி 9 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன், நிஜமாகவே நிற்கிறது. இப்போது பிரச்சினை என்னவென்றால் எங்கள் வீட்டில் ஏ.சி.யும் இல்லை, ஆர்.ஓ.வும் இல்லை, காவிரித் தண்ணீர் எப்போது வரும் என்பது அந்தக் காவிரிக்கே தெரியாது. செடிக்கு எதை ஊற்றுவது?

*

மாடிவீட்டு மல்லி:

நீங்கள் எந்தப் பக்கம்? சத்துவாச்சாரி என்றால் ஒரு கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள், மழைத் தண்ணீர் இன்னும் 40 லிட்டர் மிச்சம் இருக்கிறது. மணி பிளான்ட்டில் ஒரு கொடி வெட்டிக்கொண்டு வாருங்கள், அம்மா கேட்கிறார்.